எவ்வளவு மெதுவாக

கடைக்காரப் பையன் வாட்டில் பேசினான்.
நான் படிகளில் பேசினேன்:
ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை,
எழுபத்திரண்டு படி,
மூன்றாவது திருப்பத்தில் யாரோ நிரந்தரமாக விட்டுவிட்ட
குழந்தை வண்டி.

தார்த்து நகரத்துப் பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
ஏழாம் எண் பேருந்தின் கடைசிச் சுற்றை முடித்துச்
சீருடையோடே வந்திருந்தேன்.
நாற்பத்தாறு வயதில் பேஸ் கித்தாரா என்று
எகெர்ட் கேட்கவில்லை. நல்ல பையன்.

எட்டு அங்குல ஸ்பீக்கர், இருபத்தைந்து வாட்.
பூனையைப்போல ஒரு கையில் தூக்கலாம்.
மெல்லிய தந்திகள் தெளிவாகப் பேசின.
தடித்த தந்தியைத் தட்டினேன்:
நொடிக்கு நாற்பத்தொரு துடிப்பு இருக்கவேண்டிய இடத்தில்
சளி பிடித்த தொண்டை.

பதினைந்து அங்குலம், முந்நூறு வாட்.
தெருப்பக்கக் கண்ணாடிக் கதவு பதில் சொன்னது.
முப்பத்தோரு கிலோ.
வாங்கினால் முதல் மாடியிலேயே
குடியேறிவிட வேண்டியதுதான்.

"எவ்வளவு சத்தம் வேண்டும் உங்களுக்கு?"

சொல்கிறேன்.
என் சுவருக்கு அந்தப்பக்கம் ஸினயீதா பாவ்லொவ்னா.
நான் வாசிப்பது அவள் காதில் விழுவதே இல்லை.
அலமாரியிலிருக்கும் பன்னிரண்டு கோப்பைகளுக்குத்தான் கேட்கிறது.
போன வாரம் இரண்டைக் கையிலேந்தி வாசலில் நின்றாள்.
"இவை ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன" என்றாள்,
வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கோள் சொல்லும் குரலில்.

அது பயிற்சி. ஒத்திகை வேறு கதை.
அன்னெலின் ஓரத்தில் கார் ஷெட்டுகளின் வரிசை,
எண் நூற்றுப்பதினான்கு, தகரக் கதவு.
அங்கே இந்திரெக் டிரம்ஸ் வாசிக்கிறான்.
வாசிக்கிறான் என்பது மரியாதைக்கு.
பகலெல்லாம் கூரைகளில் பனி உடைக்கிற வேலை அவனுக்கு.
இரவிலும் கை அதை மறப்பதில்லை.

ஆகவே கேட்டேன்:
"இது எவ்வளவு மெதுவாக வாசிக்கும்?"
எகெர்ட் விழித்தான்.
அந்த எண் எந்த அட்டையிலும் இல்லை.

மூலையில் கிடந்தது ஒன்று.
பன்னிரண்டு அங்குலம், நூற்றைம்பது வாட்,
பழையது, ஒரு காது கிழிந்த கம்பளி உறை,
பதினேழு கிலோ.
சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.
மற்றவை அங்கே திடுக்கென்று குதித்தன.
இது ஏறியது,
பொங்கும் பாலாக அல்ல,
புளிக்கும் மாவாக.

முழு நூற்றைம்பதையும் ஒருநாளும் தொடமாட்டேன்.
என் பேருந்தின் வேகமானி நூற்றிருபது காட்டும்,
பதினோரு வருடமாக முள் ஐம்பதைத் தாண்டியதில்லை.
ஆனால் நிற்க இடமில்லாத கூட்டத்தோடு
ரீயா மேட்டில் ஏறும்போது
எஞ்சின் முக்காமல் இருக்கிறதே,
அந்த முக்காததற்குத்தான் காசு.

இருநூற்று நாற்பது யூரோ.
காருக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம்.
யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கா பேரம்?

மகளின் பழைய சறுக்குவண்டியில் கட்டி
பனியில் இழுத்துவந்தேன்.
படிகளில் ஐந்து முறை உட்கார்ந்தேன்,
ஒருமுறை ஆம்ப்ளிஃபையர் மேலேயே.
"குளிர் விடும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்" என்றிருந்தான் எகெர்ட்.
இரண்டு மணி நேரம் அது வியர்த்தது.
நான் உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

பிறகு பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
ஸினயீதா பாவ்லொவ்னா அலமாரி முன் நாற்காலி போட்டு
கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.
தடித்த தந்தி.
"இப்போது?"
"இல்லை."
ஒரு மயிரிழை திருகினேன். "இப்போது?"
"இல்லை."
"இப்போது?"
மூச்சு விடும் சத்தம் மட்டும். அப்புறம்:
"ஏழாவது கோப்பை."

அந்த இடத்தில் குமிழருகே
நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

வியாழக்கிழமை, நூற்றுப்பதினான்கு.
இந்திரெக் நான்கு எண்ணுகிறான்.
குமிழ் புள்ளியைக் கடக்கிறது, கடந்துகொண்டே போகிறது,
தகரக் கதவு நடுங்குகிறது,
நடுங்கட்டும்.
இங்கே கோப்பைகள் இல்லை.